வட்டம் வெட்ட ஒரு கைப்பலகை

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீட்டில் மரவேலை இருக்கிறது என்று கூப்பிட்டால், போனதும் கதவையோ தூணையோ காட்ட மாட்டார்கள். அதெல்லாம் இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். காட்டுவது நிலைக்கு மேலே, கலர் கண்ணாடி போட்ட அந்த ஆர்ச்சைத்தான். ஓட்டுக்கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர் எங்கே விழுகிறதோ இல்லையோ, அதன் தோள்பட்டையில் சரியாக விழும். அங்கேதான் இணைப்பு இருக்கும், மரத்தின் ரேகையும் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். முதலில் இணைப்பு வாய் திறக்கும், அப்புறம் கண்ணாடி இறங்கும். கண்ணாடி இறங்கியபின் புறாவுக்கு வழி கிடைத்துவிடும்.

கோட்டையூரில் ஒரு ஆச்சி வீட்டில் இந்தக் கதைதான். "தம்பி, புதுசா பண்ண முடியாட்டிச் சொல்லிருங்க, முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒண்ணு வாங்கி மாட்டிருவோம்" என்றார்கள். காரைக்குடியில் அந்தத் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், இடித்த வீடுகளிலிருந்து கழற்றி வந்த நிலை, தூண், கதவு, எனாமல் சாமான், பழைய பெட்டி என்று எல்லாம் கிடைக்கும், ஆர்ச்சும் கிடைக்கும். ஆனால் ஒரு வீட்டு ஆர்ச் இன்னொரு வீட்டு நிலையில் உட்காராது. அகலம் ஒத்துப்போனால் உயரம் ஒத்துப்போகாது. இரண்டும் ஒத்துப்போவதாகத் தெரிந்தாலும் தூக்கி வைத்துப் பார்த்தால் தோள்பட்டையில் விரல் நுழையும். அதைச் சிமென்ட் வைத்து அடைப்பார்கள், நூறு வருஷச் சுண்ணாம்புச் சாந்துக்குப் பக்கத்தில் அது பல் அடைத்த மாதிரி தெரியும். அதனால் புதிதாகவே செய்யலாம் என்று சொன்னேன். அதற்காகத்தான் இந்த ஜிக், அதாவது வெட்டும் மெஷினைப் பாதை மாறாமல் ஓட்டவைக்கும் கைப்பலகை.

ரவுட்டரில் (பிட் என்கிற வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றி மரத்தை வெட்டும் மெஷின்) வட்டம் வெட்டும் ஜிக் கடையிலும் கிடைக்கிறது. அக்ரிலிக் தகடு, நகரும் கை, அளவு அச்சடித்த கோடு என்று பார்க்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நகரும் எதையும் ஒரு குமிழைத் திருகித்தான் நிறுத்த வேண்டும், ரவுட்டர் அதிர்வில் குமிழ் மெல்லத் தளரும். வட்டம் வெட்டும் கருவியில் நகரவே கூடாத ஒரே விஷயம் மையத்துக்கும் பிட்டுக்கும் நடுவே உள்ள தூரம், அதையே நகர்த்தும்படி செய்து விற்கிறார்கள். ஒரு பலகை, அதில் தேவையான இடத்தில் துளை, துளையில் ஒரு முளை, அவ்வளவு போதும். வேறு ஆரம் வேண்டுமா, வேறு துளை போடுங்கள். பிளைவுட் துண்டுக்கா பஞ்சம்?

சரி, முதலில் ஆரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். பார்த்தால் அரைவட்டம் மாதிரி இருப்பதெல்லாம் அரைவட்டம் இல்லை. ஆச்சி வீட்டுத் திறப்பு கீழே 36 இன்ச் அகலம். சரியான அரைவட்டமாக இருந்தால் நடு உயரம் 18 இருக்க வேண்டும். இருந்தது 16. அப்போது மையம் கீழ்க்கோட்டில் இல்லை, அதற்கும் கீழே எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடக் கணக்குப் போதும்: நாணை, அதாவது கீழ் அகலத்தை, அதனாலேயே பெருக்கி, அதை உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். 36 பெருக்கல் 36 என்றால் 1296. அதை 128 ஆல் வகுத்தால் 10.125. கூட 8. ஆக 18.125, அதாவது 18 இன்ச் 1 நூல். மையம் கீழ்க்கோட்டுக்கு 2 இன்ச் 1 நூல் கீழே. ஒரு இன்சுக்கு 8 நூல் என்று ஆசாரிகள் வைத்திருக்கும் கணக்கு இந்த மாதிரி நேரத்தில் மில்லிமீட்டரைவிடச் சுகமாக இருக்கிறது, ஏன் என்று கீழே தெரியும்.

இந்தக் கணக்கு அது உண்மையிலேயே வட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தால்தான் சரி. கொத்தனார் கையால் இழுத்த வளைவு சில இடத்தில் தோளில் உப்பியோ உச்சியில் தட்டையாகவோ இருக்கும். சோதிக்க ஒரு வழி உண்டு. நாணின் நடுவிலிருந்து 9 இன்ச் தள்ளி, அங்கிருந்து வளைவு வரை உயரம் பாருங்கள். இந்த அளவுக்கு 13 இன்ச் 5 நூல் வர வேண்டும். இரண்டு பக்கமும் வந்தது. கட்டினவர் கெட்டிக்காரர். வராவிட்டால் கணக்கை மூடிவைத்துவிட்டு, அட்டையில் வெட்டிப் பொருத்தி அச்சு எடுப்பதுதான் வழி.

இனி ஜிக். 6 மி.மீ. பிளைவுட், 2 அடி நீளம், ரவுட்டர் அடித்தட்டு உட்காரும் அளவு அகலம். 6 மி.மீ. ஏன் என்றால், ஜிக்கின் கனம் முழுவதும் பிட்டின் நீளத்தைத் தின்னும். 12 மி.மீ. போட்டால் உறுதியாக இருக்கும், ஆனால் பிட் மரத்தை எட்டிப் பார்ப்பதற்குள் பாதி முடிந்துவிடும். 6 மட்டும் போட்டால் நீளக் கை நடுவில் தொய்யும். அதனால் கையின் மேல்பக்கம், நீளவாக்கில் ஒரு தேக்கு ரீப்பரை (மெல்லிய சட்டம்) செங்குத்தாக நிறுத்தி ஒட்டி ஸ்க்ரூவும் அடித்துவிட்டேன். தொய்வே இல்லை. ரவுட்டர் மோட்டாரில் இடிக்காத இடத்தில் ரீப்பரை நிறுத்திக்கொள்ள வேண்டும், அது மட்டும்தான் கவனம்.

ரவுட்டரின் கறுப்பு அடித்தட்டைக் கழற்றி, அதையே மாதிரியாக வைத்து பிளைவுட்டில் ஸ்க்ரூ துளைகளைக் குறிக்க வேண்டும். பல மெஷின்களில் அந்தத் துளைகள் சமச்சீராக இருக்காது, எந்த முகம் கீழே என்று எழுதிவைத்துக்கொண்டு குறியுங்கள். கூடவே வந்த ஸ்க்ரூ நீளம் போதாது. அதே மரையில் கொஞ்சம் நீளமானதை ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொள்ளலாம், பழைய ஸ்க்ரூவைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. தலை பிளைவுட்டுக்குள் முழுதாக அமுங்க வேண்டும், துருத்திக்கொண்டிருந்தால் தேக்கில் வட்டமாக ஒரு கீறல் போட்டுக் கொடுத்துவிடும். நடுவில் பிட்டுக்கு ஒரு இன்ச் துளை. சின்னதாக விட்டால் தூள் அடைத்துக்கொள்ளும், பிட் சூடாகும், மரம் கருகும்.

முளைக்கு ஆணி வேண்டாம். ஆணி ஒருபோதும் சரியான உருளை இல்லை. 6 மி.மீ. டிரில் பிட் ஒன்று மழுங்கிப் போயிருந்தால் அதன் தண்டை வெட்டி எடுங்கள், துளையையும் 6 மி.மீ. டிரில்லிலேயே போடுங்கள். நுழைக்கும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். தொளதொள என்று இருந்தால் அரை மில்லிமீட்டர் ஆட்டத்துக்கே முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் ஒன்றின்மேல் ஒன்று விழாது, ஓரத்தில் படிக்கட்டு மாதிரி கோடு வரும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே கை ஓய்ந்துவிடும். எங்கள் ஊர் ஆசாரி அண்ணன் ஒருவர், ரவுட்டரெல்லாம் தொடாதவர், இதைப் பார்த்துவிட்டு, "நூல் கட்டி வரைஞ்சா நூல் இழுபடும் தம்பி, அதான் நாங்க ரீப்பர்ல ரெண்டு ஆணி அடிச்சுச் சுத்துவோம், இதுவும் அதேதானே" என்றார். அதேதான். ஒரு ஆணிக்குப் பதில் நிமிஷத்துக்கு முப்பதாயிரம் முறை வரை சுற்றும் ஒரு பிட்.

அடுத்து, எல்லாரும் குழம்பும் இடம். தூரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது? முளையின் மையத்திலிருந்து பிட்டின் மையம் வரை அளந்தால் வட்டம் எப்போதும் தப்பாகத்தான் வரும், ஏனென்றால் பிட்டுக்கு அகலம் இருக்கிறது, அது மரத்தைத் தின்கிறது. வேண்டிய மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். ஆர்ச்சின் வெளி வளைவை வெட்டும்போது நமக்கு வேண்டிய மரம் மையத்தின் பக்கம் இருக்கிறது, ஆகவே மையத்தைப் பார்க்கும் விளிம்பு வரை அளக்க வேண்டும். உள் வளைவை வெட்டும்போது வேண்டிய மரம் வெளியே இருக்கிறது, ஆகவே பிட்டின் வெளி விளிம்பு வரை. பிட்டைக் கையால் சுழற்றி அதன் வாய் மையத்தை நேராகப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு (பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சொல்ல வேண்டியதில்லை) ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் தெளிவாக இருக்கும்.

நான் போட்டது ரெண்டு நூல் பிட், அதாவது கால் இன்ச், 6.35 மி.மீ. நூல் கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. பிட்டில் பாதி சரியாக 1 நூல். வெளி ஆரம் 18 இன்ச் 1 நூல் என்றால் முளைக்கும் பிட் மையத்துக்கும் 18 இன்ச் 2 நூல். சட்டத்தின் அகலம் இரண்டரை இன்ச் வைத்தால் உள் ஆரம் 15 இன்ச் 5 நூல், அதற்குத் துளை 15 இன்ச் 4 நூலில். கண்ணாடி உட்காரும் காடி 2 நூல் அகலம், அதற்குத் துளை 15 இன்ச் 6 நூலில். மனசிலேயே போட்டுவிடலாம். சுவரின் காரை சீராக இருக்காது என்பதற்காக வெளியில் அரை நூல் குறைத்துக்கொண்டேன், அது அவரவர் சுவரைப் பொறுத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் 6 மி.மீ. தண்டு பிட்டும் கால் இன்ச் தண்டு பிட்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கால் இன்ச் காலெட்டில் (ரவுட்டரில் பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) 6 மி.மீ. தண்டைப் போட்டு முறுக்கினால் பிடித்த மாதிரிதான் இருக்கும், ஓடும்போது நழுவி இறங்கும். எது எது என்று வெர்னியர் வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். எந்தப் பிட்டுக்குப் போட்ட துளைகள் என்பதையும் ஜிக்கின் மேலேயே எழுதுங்கள், பிட் மாறினால் துளைக்குப் பக்கத்தில் எழுதிய எண் எல்லாம் பொய்.

15 இன்ச் 4 நூலும் 15 இன்ச் 6 நூலும் பக்கத்துப் பக்கத்துத் துளைகள், ஒன்றையொன்று தின்றுவிடுமே என்று கேட்கலாம். துளைகள் எல்லாம் கையின் நடுக்கோட்டிலேயே இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பிட் மையத்திலிருந்து தூரம்தான் முக்கியம், திசை முக்கியமில்லை. ஆகவே ஒன்றை இடப்பக்கம் ஒரு இன்ச் தள்ளியும் இன்னொன்றை வலப்பக்கம் தள்ளியும் போட்டால் இடிக்காது, தூரத்தைச் சாய்வாக அளந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். துளை போட்டதும் நல்ல மரத்தில் இறங்காமல் ஒரு வீண் பலகையில் முழு வட்டம் வெட்டி, விட்டத்தை அளந்து பாருங்கள். விட்டத்தில் பிழை இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் ஆரத்தை அளப்பதைவிட இது நம்பகம்.

மரத்துக்கு வருவோம். இந்த வீடுகளுக்கான தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது, 1942ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் நகரத்தார் அங்கே விட்டுவந்த தொழிலோடு அந்த வரத்தும் அடங்கிப்போனது. அதனால் அதே நிறம், அதே எண்ணெய்ப் பசை வேண்டும் என்றால் இடித்த வீட்டு மரம்தான். பழைய உத்தரத்தை அறுத்த பலகை வாங்கினேன். முதல் வேலை காந்தம் வைத்துத் தடவுவது. உள்ளே முறிந்த ஆணி ஒன்று இருந்தால் கார்பைடு பிட் அத்தோடு போயிற்று, துண்டு எங்கே பறக்கும் என்றும் சொல்ல முடியாது.

ஒரே அகலப் பலகையில் ஆர்ச்சை வெட்ட நினைக்காதீர்கள். தோள்பட்டையில் ரேகை குறுக்கே விழும், கையால் ஒடித்தாலே ஒடியும். இந்த அளவுக்கு நாலு துண்டாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் 14 இன்ச் நீளம், இரண்டரை இன்ச் சட்டத்துக்கு 4 இன்ச் அகலப் பலகை போதும், ஓரத்துச் சாய்வு 20.8 டிகிரி. இரண்டே துண்டாகச் செய்ய ஆசைப்பட்டால் ஆறரை இன்ச் அகலம் கேட்கும், ரேகையும் பலவீனமாகும். முக்கால் இன்ச் கனத்தில் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கின் இணைப்பு மேல் அடுக்கின் துண்டுக்கு நடுவில் வரும்படி, செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி ஒட்டினேன். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்றுமுன் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தாங்கும் பசையும் பிடிக்காமல் உரிந்துவரும்.

பசை காய்ந்தபின் இந்தக் கோணல்மாணலான கட்டையை ஒரு பெரிய வீண் பிளைவுட்டின் மேல் படுக்க வைத்தேன். மையம் வெற்றிடத்தில் விழுகிறது, அங்கே முளை அடிக்க மரம் இல்லை. ஆகவே ஆர்ச்சின் கனத்துக்குச் சரியாக ஒரு கட்டையை மையத்தில் திருகி, அதில் முளை. வெளிப்பக்கமும் அதே கனத்தில் துண்டுகள், இல்லாவிட்டால் ரவுட்டர் ஓரத்துக்கு வந்ததும் தலை சாயும். பிட் போகும் பாதையை முதலில் பென்சிலால் சுற்றி வரைந்துவிட்டு, ஸ்க்ரூ எல்லாம் அந்தப் பாதைக்கு வெளியே, வெட்டுப்பட்டு விழும் பகுதியில் மட்டும் போட்டேன். மிஞ்சும் பகுதிக்கு அடியில் இரட்டைப் பக்க டேப். கடைசிச் சுற்றில் துண்டு விடுபட்டு நகர்ந்தால் பிட் அதைக் கடித்துக் கெடுத்துவிடும், அதற்குத்தான் டேப்.

வெட்டும் முன்பு, ஸ்க்ரூ வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு, ஜிக்சாவால் கோட்டுக்கு 2 நூல் வெளியே தோராயமாக அறுத்து எடுத்துவிட்டேன். தேக்கில் மணல் சத்து உண்டு, பிட்டின் முனையைச் சீக்கிரம் மழுக்கும், அதனால் ரவுட்டருக்கு எவ்வளவு குறைவாக வேலை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு பக்கம் மரம் இல்லாமல் போவதால் சுற்றும் திசை இங்கே முக்கியமாகிவிடுகிறது. உள் வளைவுக்குக் கோவில் பிரகாரம் சுற்றுவது போல வலமாகப் போக வேண்டும், வெளி வளைவுக்கு அதற்கு நேர்மாறாக. மாற்றிப் போனால் பிட் மரத்தில் ஏறி ஓடப் பார்க்கும், கையிலிருந்து பிடுங்கும். ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். கடைசிச் சுற்று மட்டும் அரை மில்லிமீட்டர், மெதுவாக, ஆனால் நிற்காமல். நின்றால் அந்த இடம் கருகும்.

காடியை முதலில் எடுத்துவிடுங்கள், உள் வளைவை அப்புறம் வெட்டலாம், ரவுட்டருக்கு உட்கார இடம் மிச்சமிருக்கும். ஒன்றரை இன்ச் கனத்தையும் இந்தப் பிட்டே கடக்காது, அதன் வாய் ஒரு இன்ச்தான். முக்கால் இன்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஜிக்கில் வெட்டியதும் மையக்கட்டையையும் ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டு, ஆர்ச்சைத் திருப்பிப் போட்டு, மிச்சத்தைப் பேரிங் வைத்த டிரிம் பிட்டால் எடுத்தேன். பேரிங் ஏற்கெனவே வெட்டிய விளிம்பைத் தொட்டு ஓடும், அதே வட்டம் அடுத்த அடுக்குக்கும் இறங்கிவிடும்.

சின்ன டிரிம்மர் (ஒரு கையில் பிடிக்கும் சிறிய ரவுட்டர்) மட்டும் வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம், ஒவ்வொரு சுற்றுக்கும் கிளாம்பைத் தளர்த்தி ஆழத்தை மாற்ற வேண்டும், பொறுமை வேண்டும். வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது மேலே உத்தரத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிடுங்கள். சுற்றும்போது வயர்தான் ஜிக் கையில் மாட்டி வட்டத்தைக் கெடுக்கும். தேக்குத் தூள் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், மூக்கில் போனால் எல்லாருக்கும் கெடுதல்தான். மாஸ்க், கண்ணாடி, காதுக்கு அடைப்பு. நம் பக்கம் கரண்ட் போய் வருவது சகஜம், போனதும் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் அது திரும்பி வரும்போது மெஷின் தானாகக் கிளம்பும்.

ஆர்ச் நிலையில் ஏறியது. தோளில் ஒரு பக்கம் மட்டும் இழைப்புளி லேசாக ஓட்ட வேண்டியிருந்தது, சுவர் அங்கே வயிறு தள்ளியிருந்தது. பழைய கண்ணாடியில் உடையாததை அப்படியே போட்டாயிற்று, பச்சை ஒன்று மட்டும் கிடைக்கவில்லை, மஞ்சள் போட்டிருக்கிறது. ஆச்சி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, காப்பி மட்டும் வந்தது.

இதே கைப்பலகையில் வட்ட மேசைப் பலகையும் வெட்டலாம். முளைத்துளை மேலே தெரியக் கூடாது என்றால் பலகையைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தில் துளை போடுங்கள், துளை பாதிக் கனத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். அடிப்பக்கமும் தெரியும் பலகை என்றால் நடுவில் டேப் வைத்து ஒரு பிளைவுட் துண்டை ஒட்டி, அதில் முளை, அதே கனத்தில் இன்னொரு துண்டை ரவுட்டருக்கு அடியில் ஜிக்கிலேயே ஒட்டிவிட்டால் மட்டம் சரியாகும். அந்தக் கனத்தையும் பிட்டின் நீளத்தில் கழித்துக்கொள்ளுங்கள். சின்ன வட்டத்துக்கு, அதாவது 3 இன்சுக்கும் குறைந்த ஆரத்துக்கு, இந்தக் கை உதவாது. முளை ரவுட்டரின் அடித்தட்டுக்குள்ளேயே விழும், மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இடிக்கும். அதற்குத் தனியாக ஒரு சதுரத் தகடு செய்து, முளையை அதன் மேல்மட்டத்துக்குக் கீழேயே வெட்டி நிறுத்த வேண்டும். பெட்டகக் கதவில் வரும் சின்ன வட்ட அலங்காரத்துக்கு அது தேவைப்படுகிறது, 6 மி.மீ. ஹைலம் சீட் (பிசின் ஏற்றி அழுத்திய கெட்டித் தகடு) கிடைத்தால் அதில் செய்யலாம் என்று இருக்கிறேன்.